பழைய வீட்டுக்குப் புது வெள்ளை

நம் கிராமங்களில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்ட பழைய வீடுகள் இன்றும் பல உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவற்றின் சுவர்கள் உறுதியாகவே நிற்கின்றன. ஆயினும் நிறம் மங்கி, சுவரின் அடிப்பாகம் உதிர்ந்து, கதவுகள் பொலிவிழந்து காணப்படுவதால், வீட்டுக்காரர்கள் மனம் சலித்து, கடன் வாங்கியேனும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசி, அதன்மேல் எமல்ஷன் வர்ணம் அடிக்க முற்படுகிறார்கள். சில மழைக்காலங்கள் கழிவதற்குள் அவ்வர்ணம் கொப்புளங்கள் கண்டு, ஏடு ஏடாக உரிந்து விழுகிறது. கடன் மட்டும் நிற்கிறது.

இதற்கு வர்ணத்தின் தரத்தையோ கொத்தனாரையோ குறை கூறிப் பயனில்லை. பழைய வீடுகளின் கடைக்காலில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. ஆகவே மண்ணிலுள்ள நீர் செங்கல் வழியே மெல்ல மேலேறுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அவ்வழியைப் பெரிதும் அடைத்துவிடுகின்றன. வெளியேற இயலாத ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் உயரமாக ஏறுகிறது. நீரில் கரைந்துள்ள உப்புகள் பூச்சின் பின்புறம் படிந்து அதைத் தள்ளுகின்றன. எனவே, சுண்ணாம்பினால் கட்டிய சுவரைச் சுண்ணாம்பினாலேயே புதுப்பிப்பதுதான் சிக்கனமும் முறையும் ஆகும்.

சுண்ணாம்புக் கல்லையோ, கடலோரங்களில் கிடைக்கும் கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு நீங்குகிறது. சுத்தமான கல் 100 கிலோவுக்குச் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ கிடைக்கும். அதனை நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மீண்டும் ஏற்றுக் கல்லாகவே இறுகுகிறது. வெள்ளையடிப்பு என்பது சுவரின்மேல் போர்த்தும் ஆடையன்று. சுவரோடு சுவராகிவிடும் மெல்லிய கல்லே எனலாம். காற்றுப்பட நெடுநாள் கிடந்த சுண்ணாம்புத் தூளில் இந்தச் சக்தி முன்பே தீர்ந்திருக்கும். தண்ணீர் விட்டவுடன் கொதித்தெழும் கட்டிச் சுண்ணாம்பைப் பார்த்து வாங்குவதே நலம்.

சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வீதம் சேர்த்து நீற்றி, 24 மணி நேரம் வைத்திருந்து, கோணித்துணியில் வடிகட்ட வேண்டும். இக்கரைசல் 10 லிட்டருக்கு 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால், கையில் ஒட்டுவது குறையும். நீற்றும்போது சுண்ணாம்பு தெறித்துக் கண்ணில் விழுந்தால் பார்வைக்கே கேடு விளையும். குழந்தைகளை அருகில் விடலாகாது. தவறி விழுந்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஓட்டு ஒழுகலையும், சுவரோரம் தேங்கும் நீரையும் சரிசெய்தல் அவசியம். இதற்கு ஒதுக்காத பணத்தை வர்ணத்துக்குச் செலவிடுதல் வீண். உதிர்ந்த இடங்களைச் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரையால் அடைத்து, அடுப்படிக் கரியைத் தேய்த்துக் கழுவி, முன்பு அடித்த எமல்ஷன் இருந்தால் அதை முழுதும் சுரண்டிவிட வேண்டும். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பிறகு சுவரில் தண்ணீர் தெளித்து, மட்டையால் முதலில் மேலும் கீழுமாகவும், அது காயுமுன் குறுக்காகவும் அடித்தல் வேண்டும். ஈரமாயிருக்கையில் வெள்ளை தெரியாது. காய்ந்த பின்னரே வெளுக்கும். இதையறியாது கெட்டியாகப் பூசுவோர் பலர். கெட்டிப் பூச்சு பொருக்குத் தட்டி உதிரும். மெல்லியதாக மூன்று முறை அடிப்பதே நிலைக்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்ய, ஜனவரி நடுவில் பொங்கல் வந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் சுவர் முற்றும் உலர்வதில்லை. சற்றே ஈரமுள்ள சுவரையும் பொறுத்துக்கொள்ளும் சுண்ணாம்பைப் பொங்கலுக்கு முன் அடிக்கும் நம்மவர் வழக்கம் மிகப் பொருத்தமானதே.

வெள்ளை மட்டுமே வேண்டும் என்பதில்லை. காவியும் மஞ்சட்காவியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் மண் நிறங்கள், விலையும் குறைவு. வெளிச்சம் குறைந்த அறைகளுக்கு வெள்ளையும், திண்ணைச் சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குக் காவிப்பட்டையும் தீட்டினால், மழைச் சேறு தெறித்த கறை தெரியாது. பக்கத்து வீட்டார் ஊதா அடித்தார் என்பதற்காக நாமும் ஊதாவைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மொட்டைமாடித் தளத்துக்கும் இரண்டு முறை வெள்ளையடித்தால் கோடையில் வீட்டினுள் வெப்பம் குறையும்.

கதவு, சன்னல்களில் ஓர் எச்சரிக்கை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர்த்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, விழும் தூளை ஈரத்துணியால் வழித்தெடுத்து அப்புறப்படுத்த வேண்டும். வர்ணம் காணாத தேக்குக் கதவாயின் கழுவி உலர்த்தி ஆளிவிதை எண்ணெய் பூசினாலே போதுமானது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கார்த்திகையிலேயே ஊருக்கு வேண்டிய சுண்ணாம்பை மொத்தமாகத் தருவித்து, வேலியிட்ட ஒரு தொட்டியில் அனுபவமுள்ள ஆளைக் கொண்டு நீற்றி வைக்கலாம். தண்ணீர் மூடியிருக்கும்வரை குழைந்த சுண்ணாம்பு மாதக்கணக்கில் கெடாது. பொங்கலுக்கு வீட்டார் தத்தம் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக, மீதியைக் கோடை விடுமுறையில் பள்ளியின் பழைய சுவர்களுக்குப் பயன்படுத்தலாம்.