மனக்குமுறலை அளக்கும் தாள்!

காய்ச்சலை அளக்க தெர்மாமீட்டர் இருக்கிறது. எலும்பு முறிவைப் பார்க்க எக்ஸ்ரே இருக்கிறது. "எனக்கு இப்படி ஓர் அநியாயம் நடந்துவிட்டதே!" என்ற மனக்குமுறலை எதைக் கொண்டு அளப்பது?

அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு.

கனடா நாட்டில் மாண்ட்ரியல் நகரில் உள்ளது, மெக்கில் பல்கலைக்கழகம். அங்கே பணியாற்றிய மனநூல் பேராசிரியர் மைக்கேல் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 2008-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

48 மார்க்கு

ஒரு தாளில் 12 வாசகங்கள். பிறருடைய கவனக்குறைவால் துன்பப்படுகிறேன், இழந்தது திரும்பாது, என் கஷ்டம் யாருக்கும் புரியவில்லை என்பது போன்ற எண்ணங்கள் அதில் இருக்கும். அந்த எண்ணம் வருவதே இல்லையா? 0 போடவேண்டும். எப்போதும் வருகிறதா? 4 போடவேண்டும். மொத்தம் 48.

இந்தப் பரீட்சையில் மார்க்கு குறைந்தால்தான் நல்லது!

பின்னால் வந்த கார் மோதி கழுத்து சுளுக்கியவர்களையும், வேலையில் அடிபட்டவர்களையும் ஆராய்ந்தார்கள். மார்க்கு அதிகம் வாங்கியவர்களுக்கு வலியும் அதிகமாக இருந்தது. அவர்கள் வேலைக்குத் திரும்புவதும் தாமதமாயிற்று.

பொய் வலியா?

இல்லை. வலி உண்மைதான். மோதியவர் மீது தவறும் இருக்கலாம். ஆனால், மனம் ஆறாவிட்டால் உடம்பு தேறுவதும் கடினமாகிறது. குமுறலை முன்கூட்டியே கண்டுகொண்டால், டாக்டர் அதற்கும் வழி தேடலாம்.

வீட்டில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா? "உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

காயம் கழுத்தில் மட்டும் அல்ல, மனதிலும்தான்!