தானே கற்கும் கல்வி

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தந்தையின் பணி மாற்றத்தால் ஆண்டின் நடுவில் சென்னையிலிருந்து கான்பூருக்குச் செல்வதாகக் கொள்வோம். புதிய பள்ளியிலும் அதே பாடநூல்தான். ஆயினும், விசையைப் பற்றிய அறிவியல் பாடத்தைப் பழைய பள்ளியில் இன்னும் தொடங்கவில்லை. புதிய பள்ளியிலோ நடத்தி முடித்துவிட்டனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே அப்பாடம் அவளுக்கு விடுபட்டுப் போகிறது. தேர்வும் நெருங்குகிறது. ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களைச் சேர்ந்த நம்மில் பலர் இந்நிலையை அறிவோம். இத்தகைய மாணவர்க்குக் கைகொடுப்பது கட்டணமில்லா இணையவழிக் கல்வி.

முன்பெல்லாம் சிறந்த ஆசிரியரிடம் பயில வேண்டுமெனில், அவர் வாழும் ஊருக்குச் செல்ல வேண்டும். அதற்குப் பொருளும் வேண்டும். இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் ஒன்றாக, அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், தன் பாடங்களை உலகில் எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வெளியிடப்போவதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் நாட்டில் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, 2003ஆம் ஆண்டில் 'என்.பி.டி.இ.எல்.' என்னும் திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் பாடங்களில் தொடங்கிய அத்திட்டம், பின்னர் மேலாண்மை, மானுடவியல் துறைகள் எனப் பலவற்றுக்கும் விரிந்தது.

பள்ளி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் பொதுவாக நடுவண் அரசு 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தொடங்கியது 'ஸ்வயம்' என்னும் கல்வித்தளம். ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலைப் படிப்பு வரையிலான பாடங்கள் இதில் உள்ளன. கணிதம், வரலாறு, பொருளியல், உளவியல், சட்டம், மொழிகள் என அவை பல துறைகளைச் சார்ந்தவை. இதன் பாடங்கள் நான்கு கூறுகளைக் கொண்டவை. முதலாவது, ஆசிரியர் விளக்கும் காணொளி. இரண்டாவது, படிப்பதற்கும் பதிவிறக்குவதற்கும் உரிய பாடப்பகுதி. மூன்றாவது, கற்றதைத் தாமே சோதித்துக்கொள்ள உதவும் வினாக்கள். நான்காவது, ஐயங்களைக் கேட்டுத் தெளிவதற்கான கலந்துரையாடல். விளங்காத இடத்தில் காணொளியை நிறுத்தி, எத்தனை முறை வேண்டுமாயினும் மீண்டும் கேட்கலாம். வகுப்பில் எழுந்து கேட்கத் தயங்குவோருக்கு இது பெரிய வாய்ப்பு.

இணைய வசதி இல்லாத வீடுகளையும் அரசு மறந்துவிடவில்லை. அதே 2017ஆம் ஆண்டில் 'ஸ்வயம் பிரபா' என்னும் பெயரில் 32 கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகள் செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பாகத் தொடங்கின. நாள்தோறும் நான்கு மணி நேரம் புதிய பாடங்கள் ஒளிபரப்பாகி, அவையே அன்று மேலும் ஐந்து முறை திரும்ப வரும் வகையில் திட்டமிடப்பட்டது. காலையில் தவறவிட்ட பாடத்தை மாலையில் காணலாம். மேலும், 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளத்தின் குறியீடு பாடநூலில் அச்சிடப்பட்டிருந்தால், அதனைக் கைப்பேசியால் படமெடுத்து உரிய விளக்கப் பாடத்தை அடையலாம்.

நம் தாய்மொழிக்கும் இத்தகைய வாயில் உண்டு. தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழரை மனத்திற்கொண்டு தமிழ்நாடு அரசு 2001ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. அதன் மின்னூலகத்தில் சங்க இலக்கியம் முதலிய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தமிழ்நூல் கிடைக்காத ஊரில் வாழ்வோர்க்கு இது பெரும் துணை.

எனினும், இக்கல்வியில் இலவசமாகக் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதை உணர்தல் வேண்டும். ஸ்வயத்தில் பாடத்தைக் கற்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தவேண்டியிருக்கும். ஆனால் உழைப்பை மட்டும் எவரும் இலவசமாகத் தர இயலாது. வருகைப் பதிவு எடுப்பவரோ, ஏன் படிக்கவில்லை என்று கேட்பவரோ இங்கு இல்லை. ஆகவே, ஆர்வத்துடன் தொடங்குவோர் பலர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர்.

மேலும், காண்பது வேறு, கற்பது வேறு. கான்பூர் மாணவி காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கியதுபோலவே அவளுக்குத் தோன்றும். "ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னோக்கிச் சாய்வது ஏன்?" என்னும் வினாவுக்கு, நூலை மூடிவிட்டுத் தன் சொற்களில் விடை எழுத முயலும்போதுதான் தடுமாற்றம் தெரியும். மீண்டும் அப்பகுதியைக் கேட்கிறாள். பேருந்துடன் கால்கள் நின்றுவிடுகின்றன; உடலின் மேற்பகுதியோ இயக்கத்தைத் தொடர முயல்கிறது; இப்பண்பே நிலைமம் என்று எழுதுகிறாள். இப்பொழுதுதான் அப்பாடம் அவளுடையதாகிறது. இன்னும் எஞ்சிய ஐயத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் புதிய பள்ளியின் ஆசிரியரிடம் கேட்கிறாள். இணையப் பாடம் ஆசிரியருக்கு மாற்று அன்று. அவரிடம் தெளிவான வினாவுடன் செல்வதற்கு உதவும் துணையே ஆகும்.

'ஸ்வயம்' என்னும் வடசொல்லுக்குத் 'தானே' என்பது பொருள். 'தன் கையே தனக்கு உதவி' என்பது நம் பழமொழி. ஊர் மாறலாம், பள்ளி மாறலாம், அண்டை வீட்டாரின் மொழியும் மாறலாம். தானே கற்கும் பழக்கம் மட்டும் நாம் செல்லுமிடமெல்லாம் உடன் வரும்.

சிந்தித்து எழுதுக

1. ஸ்வயம் தளத்துப் பாடங்களின் நான்கு கூறுகள் யாவை?
2. 'காண்பது வேறு, கற்பது வேறு' என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. உமக்கு விடுபட்டுப்போன பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை நீரே கற்பதற்கு ஒரு வாரத் திட்டம் எழுதுக.