பழைய மார்க்கா, புது மார்க்கா?

என்ன குட்டீஸ், திருத்திய பரீட்சைப் பேப்பரைக் கையில் வாங்கியதும், 'இந்த ஒரு பேப்பரை மட்டும் மறுபடியும் எழுத விட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!' என்று நினைத்ததுண்டா? நினைக்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு கையும் மேலே வராது என்று எனக்குத் தெரியும்!

எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆவடி விமானப்படை நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், மத்திய பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே தெருவில் கிரிக்கெட் ஆடுவார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம், என் வீட்டு வாசல்படியில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவருக்குள் பெரிய சண்டை.

"எனக்குக் கணக்குல மார்க் குறைஞ்சா, மே மாசம் திரும்ப எழுதி ஏத்திக்குவேன்டா!"

"எனக்கு மட்டும் ஏன்டா அது இல்ல? டீச்சர், இது என்ன நியாயம்?"

நியாயம் என்ன என்று பார்ப்போம், வாருங்கள்.

முதலில் அரசுப் பள்ளிப் பையன் கதை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு 5 பாடம், மொத்தம் 500 மார்க். ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கினால் பாஸ். ஒரு பாடத்தில் 99 வாங்கி இன்னொன்றில் 34 வாங்கினால், அந்த 99 வந்து 34-க்கு ஒரு மார்க் கடன் கொடுக்காது. அறிவியலில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் குறைந்தது 20 வாங்க வேண்டும். செய்முறையில் 25-க்கு 25 வாங்கிவிட்டு எழுத்தில் 15-ல் நின்றால், கூட்டினால் 40 வரும். ஆனாலும் பாஸ் இல்லை! இதைத் தெரியாமல் "40 எடுத்தும் எப்படி டீச்சர் ஃபெயில்?" என்று ரிசல்ட் அன்று அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் வருடா வருடம் உண்டு.

ஃபெயிலானால்? எல்லாப் பாடமும் மறுபடி எழுத வேண்டியதில்லை. போன பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். என் காலத்தில் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பள்ளிகளில் சேர்க்கையெல்லாம் முடிந்து, ஒரு வருடம் வீணாகிவிடும். பிறகு ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு என்று ஆனது. ஃபெயிலான பையனும் அதே வருடம் மேலே படிக்கப் போகலாம்.

ஆனால் கவனியுங்கள். துணைத் தேர்வு ஃபெயிலானவர்களுக்கும், தேர்வுக்கு வர முடியாமல் போனவர்களுக்கும்தான். 36 வாங்கி பாஸ் ஆனவன், "70 ஆக்கிக்கொள்கிறேன்" என்று வந்தால் வழியில்லை. வாசல்படியில் நின்ற பையனின் வருத்தம் இதுதான். 20 வாங்கியவனுக்கு இன்னொரு கதவு திறக்கிறது. 36 வாங்கியவனுக்குத் திறக்கவில்லை. யோசித்தால் அவன் கேட்பதிலும் ஒரு ஞாயம் இருக்கிறது, இல்லையா?

இப்போது அடுத்த பையன். சி.பி.எஸ்.இ.யில் பாஸ் மார்க் 33 சதவீதம். 2026-லிருந்து அங்கே பத்தாம் வகுப்புக்கு ஒரே வருடத்தில் இரண்டு தேர்வு. பிப்ரவரியில் தொடங்குவதை எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும். மே மாதத் தேர்வு, விருப்பப்பட்டவர்களுக்கு. அறிவியல், கணக்கு, சமூக அறிவியல், மொழிப்பாடங்கள் இவற்றில் அதிகபட்சம் 3 பாடத்தை மறுபடி எழுதலாம். இரண்டில் எது கூடுதலோ அதுதான் மார்க் ஷீட்டில் ஏறும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஆறாவதாகத் தொழில்திறன் பாடம் ஒன்றை எடுத்து பாஸ் செய்திருந்தால், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் இவற்றில் ஒன்றில் ஃபெயிலானாலும் அந்த இடத்தில் இதை வைத்துக்கொள்வார்கள். கிரிக்கெட்டில் அடிபட்டவனுக்குப் பதில் ஆள் இறக்குகிற மாதிரி!

"இரண்டில் எது கூடுதலோ" என்று சொன்னேன் அல்லவா? இந்தச் சின்ன வரிக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. அதற்குக் கொரோனா காலத்துக்குப் போக வேண்டும். அப்போது உங்களில் பலர் பால்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருந்திருப்பீர்கள்.

2020 ஜூன் 9. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து என்று அறிவிப்பு வந்தது. எல்லோரும் பாஸ்! சரி, மார்க் எப்படிப் போடுவது? காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மார்க்குகளிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்றார்கள். ஒரு கணக்குப் போடுவோமா? ஒருவன் காலாண்டில் 30, அரையாண்டில் 70. சராசரி 50. அதில் 80 சதவீதம் 40. ஒழுங்காகப் பள்ளிக்கு வந்ததற்கு முழு 20 கிடைத்தது என்று வைத்தால், மொத்தம் 60.

இதில் மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? 'காலாண்டு, அரையாண்டெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? பொங்கலுக்கு அப்புறம் உட்கார்ந்து படித்தால் போதும்' என்றிருந்த புத்திசாலிகள்! அப்படிப்பட்டவர்களை வகுப்புக்குப் பத்துப் பேராவது எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், காலாண்டு நேரத்தில் மஞ்சள் காமாலையில் படுத்தவளும் அதே கணக்கில்தான் மாட்டினாள். அவள் என்ன தப்பு செய்தாள்? தனித்தேர்வர்களுக்குக் காலாண்டே கிடையாதே. அவர்கள் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது.

அடுத்த வருடம், 2021-ல், பிளஸ் 2 தேர்வும் ரத்து. இந்தத் தடவை கணக்கு கொஞ்சம் நீளம். பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய 3 பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம். பிளஸ் 1 எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவீதம். பிளஸ் 2 செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம்.

ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் 62, 78, 54, 85, 80 வாங்கியிருந்தாள் என்று வைப்போம். அதிகமான மூன்று 85, 80, 78. சராசரி 81. பாதி 40.5. பிளஸ் 1 கணக்குத் தேர்வில் 90-க்கு 54, அதாவது 60 சதவீதம். 20-க்குக் கணக்கிட்டால் 12. அகமதிப்பீடு முழுதாக வந்தால் 30. ஆகக் கூடி பிளஸ் 2 கணக்கில் அவளுக்கு 82.5. பார்த்தீர்களா? பிளஸ் 2 கணக்குப் பரீட்சை எழுதாமலே, பத்தாம் வகுப்புத் தமிழும் சமூக அறிவியலும் சேர்ந்து அவளுக்குக் கணக்கில் மார்க் வாங்கிக் கொடுத்துவிட்டன!

இந்த மார்க் போதாது என்பவர்கள் நேரில் தேர்வு எழுதலாம் என்றும் அரசு சொன்னது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. எழுதினால் அந்தத் தேர்வு மார்க்தான் கடைசி. பழையது போய்விடும். சி.பி.எஸ்.இ.யும் அதே நிபந்தனையைத்தான் போட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கையில் 82 இருக்கிறது. 90 வாங்க முடியும் என்று தோன்றுகிறது. ஆனால் வருடம் பூராவும் செல்போனில்தான் பாடம். எழுதி 65 வந்துவிட்டால்? எழுதுவீர்களா, மாட்டீர்களா? என்னைக் கேட்டால், பதினேழு வயதுப் பிள்ளையை இப்படிச் சூதாட விடக்கூடாது என்பேன்.

சி.பி.எஸ்.இ.யில் துணிந்து எழுதினவர்களில் சிலருக்கு அப்படியே நடந்தது. இருந்த மார்க்கும் குறைந்தது. சிலர் பாஸிலிருந்து ஃபெயிலுக்கே போய்விட்டார்கள்! அதில் சில மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 ஜனவரி 7 அன்று நீதிபதிகள் ஏ.எம்.கான்வில்கர், சி.டி.ரவிக்குமார் தீர்ப்பு சொன்னார்கள். பிந்தைய மார்க்தான் கடைசி என்ற அந்த விதி செல்லாது. இரண்டில் நல்ல மார்க்கை மாணவரே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் தீர்ப்பு. சண்டை போடாமல், கோர்ட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கினார்கள் பாருங்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு தனி மரியாதை.

அமெரிக்காவில் எப்படி என்று கேட்பீர்களே! அங்கே நம்மைப் போல நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஒரே பொதுத்தேர்வு வைத்து மார்க் போடுவதில்லை. வருடம் முழுவதும் எழுதும் டெஸ்ட், வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளியே 'ஏ', 'பி' என்று எழுத்து போடும். 'ஏ'-க்கு 4 புள்ளி, 'பி' 3, 'சி' 2, 'டி' 1, 'எஃப்' என்றால் முட்டை. ஒருவனுக்கு இரண்டு 'ஏ', இரண்டு 'பி', ஒரு 'எஃப்'. கூட்டினால் 14. ஐந்தால் வகுத்தால் 2.8. கோடை விடுமுறையில் அந்த 'எஃப்' பாடத்தை மறுபடி படித்து 'பி' வாங்குகிறான். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிற பள்ளியில் 17-ஐ ஐந்தால் வகுக்க, 3.4. பழையதையும் வைத்துக்கொண்டு புதியதையும் சேர்க்கிற பள்ளியில் 17-ஐ ஆறால் வகுக்க, ஏறக்குறைய 2.83. ஒரே பையன், ஒரே உழைப்பு. பள்ளிக்குப் பள்ளி விதி மாறுவதால் இவ்வளவு வித்தியாசம்!

இதெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கில் மட்டும் 31. துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட நாலைந்து நாள்தான் இருந்தது. பையனைக் காணோம். அவன் வீட்டுக்கே போனேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். "போதும் டீச்சர். ஒர்க்‌ஷாப்புல சேத்துட்டேன். எம் பையனுக்குப் படிப்பு ஏறல," என்றார்.

"நாலு மார்க் ஏறலைங்க. படிப்பு ஏறலைன்னு யார் சொன்னா? பணத்தைக் கட்டிடுங்க, ஒரு மாசம் எங்கிட்ட அனுப்புங்க," என்றேன்.

பகலில் ஒர்க்‌ஷாப். ராத்திரி எட்டு மணிக்கு, கையில் கிரீஸ் வாசனையோடு என் வீட்டுக்கு வருவான். வரைபடம், வடிவியல் இரண்டையும்தான் திரும்பத் திரும்பப் போட வைத்தேன். அளவெடுத்துக் கோடு போடுவதில் அவனுக்கு அப்பாவின் கை. ஜூலையில் ரிசல்ட் வந்தது. 52.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரப் போகிற அன்று, இரண்டு மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தான். "டீச்சர், பழசையும் காட்டணுமாம். இந்த 31-ஐப் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றான்.

"பக்கத்துல 52 இருக்குல்ல, அதையும் பார்ப்பாங்க. கிளம்பு, பஸ் போயிடும்," என்று அனுப்பி வைத்தேன்.