தொட்டி கட்டப் பணம் வரும், காயில் கட்ட வராது

கிராமத்து மேல்நிலைத் தொட்டியின் தூணைப் பார்த்தால், எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டில், எத்தனை லட்சம் மதிப்பீட்டில் கட்டப்பட்டது என்று பெயின்டில் எழுதியிருக்கும். பக்கத்திலுள்ள போர்வெல் வேறொரு திட்டத்தின் பணம். தெருவில் புதைத்த குழாய் இன்னொன்று. இவை எல்லாவற்றையும் ஓடவைக்கும் மோட்டார் சித்திரை வெயிலில் ஒரு நாள் எரிந்துபோனால், காயில் கட்டவும் அதைக் கழற்றி ஏற்றி இறக்கவும் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். எந்தத் தூணிலும் எழுதப்படாத செலவு இது. ஊராட்சியின் பொதுநிதியிலிருந்து, அதுவும் இரண்டொரு நாளுக்குள் போகவேண்டிய செலவு. அந்த நிதியில் பணம் இல்லையென்றால், லட்சக்கணக்கில் கட்டிய தொட்டி காலியாக நிற்கும், பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடப்பார்கள். நம் ஊரக வளர்ச்சி நிதியின் பெரிய கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டுவதற்கு மேலிருந்து பணம் வருகிறது. கட்டியதைக் காப்பதற்கு, ஊரே முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய, நாள் தவறாத பணம் வருவதில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஊரகத் தமிழ்நாட்டில் 3.72 கோடிப் பேர். அப்படியென்றால் சராசரி ஊராட்சியில் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர், சாலை, ஊரக மின்வசதி, தொடக்கக் கல்வி, சுகாதாரம் உட்பட 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்றது. ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. மாநிலங்கள் அந்த இடைவெளியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டன. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகையை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981இலேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். பலகையில் ஒன்றியத்தின் பெயர் தங்கியது, பள்ளியின் மீதான பொறுப்பு சென்னைக்குப் போய்விட்டது. குடிநீரும் விளக்கும் குப்பையும் மட்டும், அன்றாடம் கவனிக்கவேண்டிய வேலைகள் என்பதால், ஊராட்சியிடமே நின்றுவிட்டன. வேலை எங்கே நிற்கிறதோ அங்கே பணமும் நிற்கவேண்டும். ஆனால் ஊராட்சிக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி, வரும்போதே எதற்கு என்று முத்திரை குத்தப்பட்டு வருகிறது.

பணம் வரும் வழிகளில் மாநில நிதிக்குழு மானியம் முக்கியமானது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயின் நிகரத் தொகையில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தரவேண்டும் என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் இந்தக் குழு பரிந்துரைக்கிறது. சுமார் பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பங்கு 10 சதவீதம். அதைத்தான் மாநகராட்சி முதல் குக்கிராமம் வரை எல்லோரும் பிரித்துக்கொள்கிறார்கள். மக்கள்தொகையை வைத்துப் பிரித்தால் சின்ன ஊராட்சிகள் பட்டினி கிடக்கும் என்பதால், ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை என்ற ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பணம் ஊருக்குள் வந்து இறங்கியதும் என்ன ஆகிறது? தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் கட்டணம், டேங்க் ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர் சம்பளம் என்று போய்விடும். மின்கட்டணத்துக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்குமென்று தனி வங்கிக் கணக்கே இருக்கிறது. மாநில அரசு ஒரு கையால் கொடுத்ததை அதன் வாரியங்கள் இன்னொரு கையால் வாங்கிக்கொள்கின்றன. இந்தக் கட்டணங்கள் தேவையற்றவை என்று சொல்லவில்லை, விளக்கு எரியவேண்டும், தண்ணீர் வரவேண்டும். ஆனால் இவை போக மிஞ்சுவதுதான் ஒரு ஊர் தன் விருப்பப்படி தொடக்கூடிய பணம். வருவாய் குறைந்த ஊராட்சியில் அந்த மிச்சம் ஒரு மோட்டாரைக்கூடத் தாங்குவதில்லை.

அடுத்தது மத்திய நிதிக்குழு மானியம். ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது நிதிக்குழு, 2015 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஊராட்சிகளுக்கென 2,00,292 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 90 சதவீதம் அடிப்படை மானியம். அடிப்படைச் சேவைகளுக்குள் எதற்கு என்பதை ஊராட்சி முடிவு செய்துகொள்ளலாம். என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரைக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி என்று தொகையை உயர்த்தியது, கூடவே அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது என்றது. குடிநீர்ப் பராமரிப்பும் அந்த 60க்குள் அடங்கும் என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு தவணையாக, இணையத்தில் கணக்கு ஏற்றி முடித்த பிறகு வரும் பணத்துக்கு மோட்டார் எரிந்த நாள் தெரியாது. தண்ணீர் ஓரளவு சரியாக இருந்து சுடுகாட்டுப் பாதை மழையில் கரைந்துபோன ஊரில், கட்டிவைத்த கணக்கில் பணம் கிடக்கும், பாதைக்குச் செலவிட முடியாது. டெல்லியில் உட்கார்ந்து சராசரி பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர்தான் முதல் தேவையாகத் தெரிவது இயல்பு. ஒவ்வொரு ஊருக்கும் அதுதான் முதல் தேவையா என்பது அந்த ஊருக்குத்தான் தெரியும்.

இவற்றுக்கு மேல் திட்டங்கள். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 20 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்தது. நூலகம், குளம், சுடுகாட்டுப் பாதை, விளையாட்டுத் திடல் என்று பல ஊர்களில் முதன்முறையாகச் சில கட்டடங்கள் எழுந்தன. அந்தப் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நூலகத்துக்குப் பத்து ஆண்டு கழித்து வெள்ளையடிப்பதற்கும், பல்பு மாற்றுவதற்கும், உட்கார்ந்து திறந்து வைத்திருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதற்குமான வழியைத் திட்டம் விட்டுச் செல்லவில்லை. இன்று பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் அந்த வழி இல்லாமல் போனதற்குச் சாட்சி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி என்று தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அதிலிருந்து ஊருக்கு வருவதும் பெரும்பாலும் கட்டடமாகத்தான் வருகிறது. ஆட்சி மாறும்போது திட்டங்களின் பெயர் மாறும், புதிய பெயரில் புதிய கட்டடம் எழும், பழையதன் பராமரிப்பு ஊராட்சியின் தலையில் விழும். சொத்து கூடக்கூட ஊராட்சியின் வறுமையும் கூடுகிறது என்பதுதான் இதில் வேதனை.

ஊராட்சி தன் வருமானத்தைப் பெருக்கிக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஊராட்சி நிதி பற்றிய அறிக்கை, இந்தியாவில் ஊராட்சிகளின் வருவாயில் நூற்றுக்கு 95 ரூபாய் மானியமாகவே வருகிறது என்றது. வீட்டு வரி மிகக் குறைவு. தினமும் முகம் பார்க்கிற பங்காளியிடமும் சம்பந்தியிடமும் வரியை உயர்த்திக் கேட்க எந்தத் தலைவருக்கும் தயக்கம் வரும். ஆனால் வசூலாகாததற்கு ஊர் மட்டும் காரணமில்லை. அரசியல் சட்டம் தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பை 1988இல் வைத்தது. அன்றிலிருந்து சம்பளமும் விலைவாசியும் எத்தனை மடங்கு ஏறியிருக்கின்றன! வரம்பு அசையவில்லை. ஊராட்சி எல்லைக்குள் எவ்வளவு பெரிய தொழிற்சாலை வந்தாலும், அங்கே வேலை செய்யும் ஒருவரிடமிருந்து ஊருக்குக் கிடைக்கும் தொழில் வரி அதற்கு மேல் போகாது.

கையில் சுதந்திரமான பணம் இருந்தால் ஓர் ஊர் என்ன செய்யும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை நல்ல சாட்சி. ஆர். சண்முகம் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஊராட்சி அது. மின்கட்டணம் ஊராட்சியைத் தின்கிறது என்று பார்த்தார்கள். ஊராட்சி சேமித்த 40 லட்சம் ரூபாயோடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடியில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் நிறுவினார்கள். ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. மேலே யாரும் ‘ஊராட்சிக்கொரு காற்றாலைத் திட்டம்’ என்று அறிவிக்கவில்லை. தன் செலவுக் கணக்கைத் தானே பார்த்த ஊர், தனக்கு வேண்டியது எது என்று தானே கண்டுபிடித்தது. எல்லா ஊரும் காற்றாலை நடவேண்டியதில்லை. தன் சேமிப்பைக் காட்டி வங்கியிடம் பேசும் நிலைக்கு ஒரு சிற்றூர் வரமுடியும் என்பதே இதில் பெரிய செய்தி.

முத்திரை இல்லாத பணத்தைக் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்பது அதிகாரிகள் எப்போதும் சொல்லும் பதில். திருட்டு நடப்பதில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் என்று நூறு கட்டுப்பாட்டோடு நடக்கும் திட்ட வேலைகளிலும் ஒரே மழையில் பெயரும் சாலைகள் உண்டு. பெரிய கட்டுமான வேலையில் கான்ட்ராக்டருக்குக் கிடைக்கும் இடம், தெருவுக்குத் தெரியும் சின்னப் பழுதுவேலையில் கிடைப்பதில்லை. எந்த மோட்டார் எரிந்தது, என்றைக்கு ஓடியது என்பது ஊருக்கே தெரியும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தியோடு இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. வரவுசெலவை அங்கே படிக்கிறார்கள். ஊரே முடிவெடுத்த செலவு என்றால் அந்தப் படிப்புக்கு உயிர் வரும். மேலே முடிவான செலவென்றால், கேள்வி கேட்பவருக்குத் தலைவர் சொல்லக்கூடிய பதில் ‘அது அவங்க போட்டது’ என்பது மட்டும்தான்.

என்னைத் தயங்கவைக்கும் மறுப்பு வேறொன்று. பணத்தை ஊரிடம் விட்டால் அது ஊருக்குள் இருக்கும் ஆதிக்கச் சாதியின் தெருவிலேயே நின்றுவிடும், காலனிக்குப் போகாது. இதற்கு வரலாறு சாட்சி சொல்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவரே இருக்கவில்லை. 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. இன்றும் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்கு இல்லை. அந்த ஒரு கையெழுத்தை மறுத்துத் தலித் தலைவர்களை முடக்கிய ஊர்கள் பல. ஆகவே நிபந்தனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நிபந்தனையைச் சரியான இடத்தில் வைக்கவேண்டும் என்கிறேன். எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதை ஊர் முடிவு செய்யட்டும். எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அரசு கணக்குப் பார்க்கட்டும். 2011இல் வந்த ‘தாய்’ திட்டம் ஊராட்சியை விட்டுக் குடியிருப்பை அலகாக வைத்து நிதியைப் பங்கிட்டது. ஊராட்சிக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும் குடியிருப்புகளை அப்போதுதான் அரசின் கணக்கு பார்க்கத் தொடங்கியது. கையெழுத்துச் சிக்கலுக்கும், துணைத் தலைவர் காரணம் எழுதிக்கொடுக்காமல் மறுக்க முடியாது என்ற விதியும் நாள் கெடுவும் போதும்.

கேரளத்தைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கென்று அந்த மாநிலம் ஒதுக்கியது. அங்கே கிராம ஊராட்சிகள் 941தான். ஒவ்வொன்றும் நம் ஊராட்சியைப் போலப் பல மடங்கு பெரியது, பொறியாளரையும் கணக்கரையும் வைத்துக்கொள்ளும் வலுவுள்ளது. மூவாயிரம் பேர் இருக்கும் நம் ஊராட்சிக்கு ஒரு செயலர்தான். அதனால் கேரளத்தின் அளவை அப்படியே இங்கே எடுத்துவைக்க முடியாது. ஒன்றியத்துப் பொறியாளர் நாலைந்து ஊராட்சிகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்லும் ஏற்பாடும், ஒரு தொட்டியைக் கட்டித் தரும் திட்டமே அதன் பத்தாண்டுப் பராமரிப்புத் தொகையையும் ஆண்டுதோறும் பொதுநிதியில் செலுத்தவேண்டும் என்ற கட்டாயமும் இங்கே பொருந்தும்.

இதையெல்லாம் கேட்க ஊரில் ஆள் இருக்கவேண்டும். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியும், 2016இல் நடக்கவேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், மற்ற ஒன்பதில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தலைத் தள்ளிப்போட்டது யாரோ, தெருவிளக்கில்லாமல் இருந்தது ஊர். 2025 ஜனவரி 5 அன்று, முதலில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோதும் புதியவர்கள் வரவில்லை. கிராம ஊராட்சிகளைத் தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலரே ஏற்றுக்கொண்டார். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பத்திரண்டு ஊராட்சிகள். அத்தனை ஊரின் எரிந்த மோட்டாருக்கும் ஒரே அலுவலரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கவேண்டியதாயிற்று.