நிலத்தின் நாடி



நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்க முனையும் வைத்தியர், முதலில் அறையிலுள்ளோரை அமைதியாயிருக்கும்படி பணிப்பார். பூமியின் நாடியைப் பார்ப்போருக்கும் அமைதியே முதல் தேவையாகும். அவ்வமைதியை நாடி அவர்கள் நிலத்தைத் துளைத்து இறங்கியமைக்கு நமது கண்டி மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு.

மடுல்கெல்லைக்குத் தெற்கேயுள்ள பல்லேகலையில், உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையமொன்று 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அங்கே கருவியை ஆழ்துளையினுள் இறக்கி வைத்தனர். காரணம் யாது? நிலத்தின் மேற்பரப்பு ஓயாத சலனம் உடையது. காற்று மரத்தை அசைக்க, மரம் மண்ணை அசைக்கின்றது. வாகனங்கள் வீதியை அதிர்விக்கின்றன. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் நிலத்தை நுண்ணளவிற் சாய்க்கின்றன. ஆழத்திலுள்ள பாறையில் இவை தேய்ந்துவிடுவதால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய அதிர்வும் தெளிவாகப் பதிவாகும்.

எண்ணெய் தேடுவோரும் துளையைப் பயன்படுத்துவர். மேலே செயற்கையாய் அதிர்வை உண்டாக்கி, அது துளையினுள் வெவ்வேறு ஆழங்களை எய்தும் நேரத்தை அளந்து, பாறைப்படைகளின் இயல்பை அறிவர். முன்னர் கருவியை ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்தி நிறுத்தி அளந்தனர். இன்றோ ஒளியிழை வடத்தைத் துளை நெடுகப் பதித்து, லேசர் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் மாற்றத்தை நோக்குகின்றனர். வடம் முழுவதுமே கருவியாகிவிடுகின்றது.

ஆயினும், கருவி கேட்பது மட்டும் போதுமா? 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த பூகம்பத்தின் முதலலைகள் சுமார் நான்கு நிமிடங்களுக்குள் இலங்கையை அடைந்தன. பின்வந்த அலைகளால் நமது நிலமே 9 சென்ரிமீற்றர் அளவுக்கு மேலும் கீழுமாய் அசைந்தது.  கடலலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. கரையோர மக்களை எச்சரிக்கும் ஏற்பாடோ இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டிலேதான் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது.

2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகனப் பகுதி சிறிதாய் அதிர்ந்தது. “ஐயா, பூமி ஏன் முழங்கிற்று?” என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான். நீர்த்தேக்கத்தின் பாரமா, கல்லகழ்வா, பாறைப் பிளவா என்று ஊராரும் வினவினர். விடைகாண முதலில் அதிர்வு பிறந்த இடத்தையும் ஆழத்தையும் அறிதல் வேண்டும். அதற்கு அதனைச் சூழ அண்மையிற் பல கருவிகள் அவசியம். பல்லேகலை அருகில் உள்ளது. ஹக்மனை நிலையம் தெற்கிலும் மகாகனதராவை நிலையம் வடக்கிலும் வெகுதொலைவில் உள்ளன. 122 மீற்றர் உயரமான அணையைச் சூழ, சிறு துளைகளிற் கருவிகளை நிறுவி இடையறாது கண்காணித்தலே இனிச் செய்யத்தக்கது.

அக்கருவிகள் கூறும் செய்தி, சரிவுகளிலே லயன்களில் உறங்கும் தோட்டத் தொழிலாளியை, அவர்தம் மொழியில், உரிய காலத்திற் சென்றடைதல் வேண்டும். வைத்தியர் நாடியறிவது நோயாளியின் பொருட்டன்றோ?