605-ஐ மீண்டும் அளந்து பார்க்கலாமா?

படிவம் 4 இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எளிய ஊசலை ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் நூல், ஒரு குண்டு, ஒரு நிறுத்துக்கடிகாரம். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை மூன்று முறை அளக்கச் சொல்வோம். முதல் முறை 40.1 வினாடி வரும்; அடுத்து 39.8, பிறகு 40.3. "டீச்சர், இதுல எது சரி?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஊசல் மாறவில்லை. பொத்தானை அழுத்தும் நம் விரல்தான் ஒவ்வொரு முறையும் சற்று முந்துகிறது அல்லது பிந்துகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதை உடனே ஒப்புக்கொள்கிறோம். தேர்வு முடிவு கைக்கு வந்த நாளில் மட்டும் மறந்துவிடுகிறோம். ஒரே ஒரு முறை அளந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அழுகிறோம், அல்லது ஆடுகிறோம்.

போன ஆண்டு என் சின்னம்மா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஜிமேட் தேர்வு எழுதியிருந்தாள். "அக்கா, 605தான் வந்துச்சு. நான் கேக்குற யுனிவர்சிட்டில சேர்றவங்களோட சராசரி 645. திரும்ப எழுதட்டுமா, விட்டுடட்டுமா? கட்டணமே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல" என்றாள். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அவளுடைய அப்பாவுக்கு, "ஒரு தடவை எழுதினா போதும், இருக்கறதை வச்சுப் போடு." சின்னம்மாவுக்கு, "இன்னொரு தடவை எழுதினா கட்டாயம் கூடும்." இரண்டு பேரும் எந்தக் கணக்கும் போடாமல்தான் சொன்னார்கள். நாங்கள் கணக்குப் போட உட்கார்ந்தோம். அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும் என்பதால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். வணிகப் பள்ளிகளில் முதுகலை படிக்க விரும்புகிறவர்களுக்காக 1954-இல் அமெரிக்காவில் தொடங்கிய தேர்வு இது. ஜிமேட் என்ற பெயர் 1976-இல் வந்தது. இப்போதைய வடிவத்தில் கணிதம், மொழி, தரவு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 கேள்விகள். புள்ளிகள் 205 முதல் 805 வரை, எப்போதும் 5-இல் முடியும். 605-க்கு அடுத்த படி 615. தேர்வு கணினியில் நடக்கும். நீங்கள் சரியாகப் பதில் சொன்னால் அடுத்து கடினமான கேள்வி வரும். தவறினால் எளிதானது வரும். உங்கள் மட்டத்தைக் கணினி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பிடிக்கிறது என்று சொல்லலாம்.

நெருங்கிப் பிடிக்கிறது என்றுதான் சொன்னேன், தொட்டுவிடுகிறது என்று சொல்லவில்லை. கேள்வி வங்கியில் ஆயிரக்கணக்கில் கேள்விகள் இருக்கும். உங்களுக்கு வந்தவை அவற்றில் 64. அவற்றில் இரண்டு நீங்கள் போன வாரம் பார்த்த வகையாக இருக்கலாம், அல்லது நீங்கள் தவிர்த்துவந்த வகையாக இருக்கலாம். இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறி ஒன்றைத் தட்டிவிட்டிருப்பீர்கள். அது சரியாகவும் போகலாம். முந்தைய இரவு பக்கத்து வீட்டில் விருந்து நடந்திருக்கலாம். இவை எல்லாம் சேர்ந்து செய்வதுதான் ஊசலில் உங்கள் விரல் செய்தது. இதற்கு அளவீட்டின் திட்டப் பிழை என்று பெயர். ஜிமேட் மொத்தப் புள்ளிக்கு இது 30 முதல் 40 வரை என்று தேர்வை நடத்தும் அமைப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. நாம் நடுவில் 35 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் திறமை மாறாமல் திரும்பத் திரும்ப எழுதினால், மூன்றில் இரண்டு தடவை அவருடைய உண்மையான மட்டத்திலிருந்து 35 புள்ளிக்குள் விழுவார்; மீதித் தடவைகளில் அதையும் தாண்டிப் போவார். 605-உம் 645-உம் வேறு வேறு ஆள் எடுத்தவைபோலத் தெரியும். ஒரே ஆள் இரண்டு சனிக்கிழமைகளில் எடுத்தவையாகவும் அவை இருக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதைக் காட்ட என் வகுப்பில் பகடைகளைக் கொண்டுபோவது வழக்கம். முப்பது மாணவர்களும் ஆளுக்கு ஒரு முறை உருட்ட வேண்டும். ஒரு தடவை ஒன்பது பேருக்கு 1 அல்லது 2 விழுந்தது. அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, "என்ன உருட்டுறீங்க, கவனமே இல்லை" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு திட்டினேன். 6 விழுந்த ஐந்து பேரையும் தட்டிக்கொடுத்தேன். பிறகு அத்தனை பேரையும் மறுபடி உருட்டச் சொன்னேன். திட்டு வாங்கியவர்களில் ஏழு பேருக்கு எண் கூடியது. பாராட்டு வாங்கியவர்களில் ஒருவருக்கு மட்டுமே மீண்டும் 6. மற்ற நால்வருக்கும் குறைந்தது. "பார்த்தீங்களா, திட்டினாத்தான் சரிப்பட்டு வர்றீங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களிடம் இதில் எங்கே தவறு என்று கேட்டால், சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

பகடைக்குக் காது இல்லை. 1 விழுந்தவருக்கு அடுத்த முறை கூடுவதற்கு ஆறில் ஐந்து வாய்ப்பு. 6 விழுந்தவருக்குக் கூட வழியே இல்லை. கடைசியில் இருப்பவர் மேலே வருவதும், உச்சியில் இருப்பவர் கீழே வருவதும் யாரும் எதுவும் செய்யாமலே நடக்கும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கிச் சற்று இறங்குவதைப் பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் எழுதினார். அதிலிருந்து இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்ற பெயர் நிலைத்தது. உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப்படையின் பயிற்சியாளர்களிடம் இதே பொறியைக் கண்டார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைக் கத்தினால் அடுத்த முறை தேறுகிறான், ஆகவே கத்துவதே சிறந்தது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். (ஆசிரியர்களாகிய எங்களில் சிலரும் இதை இன்னும் நம்புகிறோம். அது வேறு கதை.)

ஆக, "திரும்ப எழுதினால் கூடும்" என்பது எப்போது உண்மை? உங்களுக்கு விழுந்தது உங்கள் வழக்கமான மட்டத்துக்குக் கீழே என்றால் கூடும். மேலே என்றால், நீங்கள் எதையும் மாற்றாதவரை, குறையத்தான் அதிக வாய்ப்பு. 605 என்ற எண்ணை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இது எந்த வகை என்று தெரியாது. ஊசலைப்போல வேறு அளவீடுகளும் வேண்டும்.

நல்ல வேளை, அவளிடம் இருந்தன. தேர்வை நடத்தும் அமைப்பு ஆறு பயிற்சித் தேர்வுகளை வெளியிட்டிருக்கிறது. முதல் இரண்டு இலவசம். ஆறையும் எழுதியிருந்தாள். 625, 635, 615, 645, 655, 635. சராசரி 635. "அப்ப எனக்கு அன்னிக்கு நேரம் சரியில்லைன்னுதானே அர்த்தம்?" என்று முகம் மலர்ந்தாள்.

அவசரப்படாதே என்றேன். ஊசல் சோதனையில் ஒருவர் 20 அலைவுக்குப் பதிலாக 19 எண்ணியிருந்தால் அந்த அளவீட்டைச் சேர்ப்போமா? எப்படி எழுதினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். 645-உம் 655-உம் எடுத்த நாள்களில் நடுவில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்திருக்கிறாள், ஒரு தொலைபேசி அழைப்பும் பேசியிருக்கிறாள். கடிகாரம் நின்றிருந்த அந்த நேரத்தில் மனம் கேள்வியை மென்றுகொண்டுதான் இருந்திருக்கும். அவை இரண்டையும் அடித்தோம். அவளுக்கு வருத்தம்தான், அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவை அவை இரண்டுமே. மிச்சம் நான்கு, அதோடு உண்மைத் தேர்வின் 605. ஐந்தின் சராசரி 623.

இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. அவள் மட்டம் 623-ஐ ஒட்டியது. 605 சற்றே துரதிர்ஷ்டம், அவ்வளவுதான். அப்படியே போய் மறுபடி எழுதினால் 605-க்கு மேல் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தேவை 645. திட்டப் பிழை 35 என்று கொண்டு இயல்நிலைப் பரவலில் கணக்கிட்டால், ஒன்றும் புதிதாகப் படிக்காமல் 645-ஐ எட்டும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். சின்னம்மா சொன்னதுபோலக் "கட்டாயம்" இல்லை. சித்தப்பா நினைத்ததுபோல வீணும் இல்லை.

"அப்ப நாலு தடவை எழுதினா ஒரு தடவை வந்துடும்ல?" என்று கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. விதிப்படி இரண்டு தேர்வுகளுக்கு நடுவே 16 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் எழுத முடியாது. புள்ளியைப் பார்த்த பிறகே எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம். ஆகவே குறைந்தவற்றை மறைத்துவிட்டுக் கூடியதை மட்டும் அனுப்ப வழி இருக்கிறது. மறுபடி பகடையை எடுங்கள். ஒரு முறை உருட்டினால் சராசரி 3.5. இரண்டு முறை உருட்டிப் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டால் சராசரி 4.47. ஐந்து முறை என்றால் 5.43. பகடை கொஞ்சம்கூட மாறவில்லை. ஜிமேட்டில் இதே கணக்கைப் போட்டால், திறமை அணுவளவும் வளராத ஒருவர் இரண்டு முறை எழுதினால் அவருடைய சிறந்த புள்ளி அவர் மட்டத்தைவிடச் சராசரியாக 20 கூடுதலாக இருக்கும்; ஐந்து முறை எழுதினால் ஏறத்தாழ 40.

எனக்கு இதில் உறுத்தல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஐந்து முறை கட்டணம் கட்ட முடிந்தவருக்கு அந்த 40 புள்ளி கிட்டத்தட்ட விலைக்குக் கிடைக்கிறது. ஒரு முறைக்கே அண்ணனிடம் கடன் வாங்கியவருக்குக் கிடைப்பதில்லை. 16 நாள், ஐந்து தடவை என்ற வரம்புகள் இதைக் குறைக்கின்றன, நீக்கவில்லை. உங்களில் சிலர் பின்னாளில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்காருவீர்கள். அப்போது விண்ணப்பத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால், எத்தனையாவது முயற்சியில் வந்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

அவளுக்கோ மூன்று தடவைக்குப் பணமும் இல்லை, விடுப்பும் இல்லை. ஒன்றுதான் முடியும். அப்படியானால் பகடையை உருட்டுவதைவிடப் பகடையையே மாற்ற வேண்டும். மூன்று பகுதிகளையும் பிரித்துப் பார்த்தோம். கணிதமும் மொழியும் எல்லாப் பயிற்சித் தேர்விலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. தரவுப் பகுதி மட்டும் ஒவ்வொரு முறையும் கீழே. அட்டவணைகளையும் வரைபடங்களையும் படித்துப் பதில் சொல்லும் பகுதி அது. ஒரு நாள் மட்டும் சறுக்கியிருந்தால் அது பிழை. எல்லா நாளும் ஒரே இடத்தில் சறுக்கினால் அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடாது. பூச்சியத்தில் நிற்காத தராசு எத்தனை முறை நிறுத்தாலும் அதே அளவு தவறும். சராசரி எடுத்துப் பயனில்லை, திருகாணியைத்தான் திருப்ப வேண்டும். உங்கள் பாடப்புத்தகத்தில் இது முறையான பிழை என்று இருக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் எட்டு வாரம் ஒதுக்கிக்கொண்டாள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதி வைத்தாள். பாதிக்கு மேல், கணக்குத் தெரியாததால் வந்தவை அல்ல; அட்டவணையின் தலைப்பை அரைகுறையாகப் படித்ததால் வந்தவை.

உங்கள் மாதத் தேர்வுகளையும் இப்படி எடுத்து வைத்துப் பாருங்கள். முயெட் மறுபடி எழுதலாமா என்று யோசிக்கும் படிவம் 6 மாணவர்களுக்கு இது நேராகவே பொருந்தும். ஒரே நிபந்தனைகளில் எழுதியவற்றை மட்டும் சேருங்கள்; புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதியதைச் சேர்க்காதீர்கள். கடைசியாக வந்த எண் உங்கள் சராசரிக்கு மேலா கீழா, எல்லா முறையும் ஒரே இடத்தில் விழுந்தீர்களா என்று பார்த்த பிறகு வீட்டில் பேச்சை எடுங்கள்.

அவள் இரண்டாம் முறை எழுதினாள். 635 வந்தது. அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தாள். "பத்துப் புள்ளிதான் அக்கா குறையுது. மூணாவது தடவை எழுதட்டுமா?"

"முதல் தேர்வுக்குப் பிறகு எழுதின பயிற்சித் தேர்வுப் புள்ளிகளைச் சொல்லு" என்றேன். 635, 645, 635 என்றாள். இந்த முறை எங்கும் தேநீர் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சராசரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, ஃபாரத்தை நிரப்புறேன்" என்றாள்.