இந்திய மண்ணில் நடந்த 'பிரிட்டனின் மகத்தான போர்': கோஹிமா நமக்கு ஏன் தெரியவில்லை?

ஏப்ரல் 20, 2013. லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் ஒரு வித்தியாசமான போட்டி. 'பிரிட்டன் நடத்திய போர்களிலேயே மகத்தானது எது?' என்பதுதான் கேள்வி. இறுதிச் சுற்றில் ஐந்து போர்கள். ஒவ்வொரு போருக்காகவும் ஒருவர் மேடையேறிப் பேச வேண்டும். பார்வையாளர்கள் கடைசியில் ஓட்டு போடுவார்கள்.

நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ பட்டியலில் இருந்தது. ஹாலிவுட் படங்களால் உலகத்துக்கே தெரிந்த நார்மண்டி, அதாவது டி-டே இருந்தது. ஆனால் ஜெயித்தது இம்பால்-கோஹிமா! கிட்டத்தட்ட பாதி ஓட்டு அதற்குத்தான் விழுந்தது. நார்மண்டிக்கு இரண்டாம் இடம், வாட்டர்லூவுக்கு மூன்றாம் இடம்.

இம்பால் மணிப்பூரின் தலைநகரம். கோஹிமா நாகாலாந்தின் தலைநகரம். இரண்டும் நம்ம நாட்டில்தான் இருக்கின்றன. ஆனாலும் இந்தப் போரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மேடையில் என்ன பேசப்பட்டது?

இந்தப் போருக்காகப் பேசியவர் ராபர்ட் லைமன். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, பிறகு ராணுவ வரலாற்றாசிரியர் ஆனவர். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: பிரிட்டிஷ் படைகள் அதுவரை சந்தித்ததிலேயே மிகக் கடுமையான எதிரி ஜப்பான். ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மின் படை இங்கே தோற்றிருந்தால், நேச நாடுகளுக்குப் பேரிடியாக இருந்திருக்கும்.

சரி, 1944-ல் என்னதான் நடந்தது?

பர்மாவைப் பிடித்துவிட்ட ஜப்பான், 1944 மார்ச்சில் இந்திய எல்லைக்குள் நுழைந்தது. திட்டம் போட்டவர் ஜெனரல் ரென்யா முட்டாகுச்சி. முதல் குறி இம்பாலில் இருந்த ராணுவத் தளம். கோஹிமாவைப் பிடித்தால், இம்பாலுக்குப் போகும் ஒரே நல்ல சாலை துண்டிக்கப்படும். கோஹிமாவைத் தாண்டினால் திமாப்பூர் ரயில் நிலையமும், அங்கே மலைபோல் குவிந்திருந்த ராணுவச் சரக்குகளும்.

ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமாவைச் சூழ்ந்த ஜப்பானியப் படை சுமார் 15,000 பேர். உள்ளே இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அதிலும் ஆயிரம் பேர் சண்டை போடாத பணியாளர்கள். பிரிட்டிஷ் பட்டாலியன் ஒன்றுடன் அசாம் ரெஜிமெண்ட், அசாம் ரைபிள்ஸ் வீரர்களும் சேர்ந்து அந்த மலைமுகட்டைக் காத்தார்கள்.

சண்டை எவ்வளவு நெருக்கத்தில் நடந்தது தெரியுமா? துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் கோர்ட்தான் போர்முனை. ஒரு பக்கம் ஜப்பானியர்கள், மறுபக்கம் இவர்கள். நடுவில் பறந்தது கையெறி குண்டு. ஏப்ரல் 18-ல் உதவிப்படை வந்து சேரும்வரை இதே நிலைதான்.

ஜப்பான் ஏன் தோற்றது?

ஒரே வார்த்தையில் சொன்னால், சாப்பாடு. சுமார் மூன்று வாரத்துக்கான உணவோடுதான் ஜப்பானியர்கள் மலையேறினார்கள். பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சமாளித்துவிடலாம் என்பது கணக்கு. அது நடக்கவில்லை. இன்னொரு பக்கம், முற்றுகையில் இருந்த இம்பாலுக்கு உணவும் குண்டுகளும் விமானத்தில் வந்துகொண்டே இருந்தன.

மே மாதக் கடைசியில், கோஹிமாவில் இருந்த தளபதி கோடோகு சாட்டோ மேலிட உத்தரவை மீறித் தன் படையைப் பின்வாங்க வைத்தார். பட்டினி கிடக்கும் வீரர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜூன் 22-ல் இம்பால் சாலை மீண்டும் திறந்தது. சுமார் 85,000 பேர் கொண்ட ஜப்பானியப் படையில் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பசியும் நோயும் கொன்றவர்களே அதிகம்.

அப்புறம் ஏன் நமக்குத் தெரியவில்லை?

பட்டம் 'பிரிட்டனின் மகத்தான போர்'. ஆனால் ஸ்லிம்மின் படையில் பெரும்பான்மையினர் இந்தியர்கள். உளவு சொல்லியும், வழிகாட்டியும், சுமை தூக்கியும் உதவியவர்கள் நாகா மக்கள். சண்டையில் அவர்களுடைய ஊர்களும் எரிந்தன.

எதிர்ப்பக்கத்திலும் இந்தியர்கள் இருந்தார்கள். ஜப்பானோடு சேர்ந்து வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். 1944 ஏப்ரல் 14-ல் மணிப்பூரின் மொய்ராங்கில் அவர்கள் கொடியேற்றினார்கள். மலாயா தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தது இந்த ராணுவத்தில்தான்.

இங்கேதான் சிக்கல். சுதந்திர இந்தியா யாருடைய வெற்றியைக் கொண்டாடும்? பிரிட்டிஷ் சம்பளத்தில் போரிட்டு ஜப்பானைத் தடுத்தவர்களையா, பிரிட்டிஷாரை விரட்ட வந்தவர்களையா? ஒரு பக்கத்தைக் கொண்டாடினால் இன்னொரு பக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டிவரும். பிரிட்டனுக்கு இந்தத் தர்மசங்கடம் இல்லை. அதனால்தான் லண்டனில் ஒரே மேடையில் தீர்ப்பு சொல்ல முடிந்தது.

ஹார்ன்பில் திருவிழாவுக்காக டிசம்பரில் நாகாலாந்து போகிறீர்களா? கோஹிமா நகரின் நடுவிலேயே இருக்கிறது போர்வீரர் கல்லறைத் தோட்டம். அந்த டென்னிஸ் கோர்ட்டின் எல்லைக்கோடுகள் இன்றும் அங்கே தெரியும். 1,420 கல்லறைகளைப் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் நினைவுச்சின்னத்துக்கும் ஏறுங்கள். தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. லண்டன் கொடுத்த பட்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.